கறுத்த விரல்களும் கண்ணாடித் தகடும்

பகல் உணவு வேளை. வெள்ளை வெளேரென்று விரிப்பு விரித்த மேஜையைச் சுற்றி வீட்டாரும் விருந்தினரும் அமர்ந்திருக்கிறார்கள். திடீரென்று கதவு திறக்கிறது. நீர் சொட்டச் சொட்ட ஒரு கண்ணாடித் தகட்டைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓர் அம்மாள் ஓடி வருகிறார். தலைமுடி கலைந்திருக்கிறது. கறுப்பு உடையிலிருந்து ரசாயன நெடி வீசுகிறது. விரல்களோ அடுப்புக் கரியில் தோய்த்தெடுத்தாற்போல் கறுத்திருக்கின்றன. நேரே கணவரிடம் போய்த் தகட்டை நீட்டுகிறார். வெண்தாடி வேந்தர்போல் வீற்றிருக்கும் அந்த முதியவர், முகம் மலர்ந்து அதை வாங்கிப் பார்க்கிறார்.

மேஜை விரிப்பில் விழுந்த சொட்டுகளை அப்போது யாரும் கவனிப்பதில்லை. அவை முதலில் கண்ணுக்கே தெரியா. சற்று நேரம் சென்றால் பழுப்பாகும்; பிறகு கறுப்பாகும். எந்தச் சலவையும் அந்தக் கறையைப் போக்காது. இப்படிப் பாழான விரிப்புகளுக்குக் கணக்கே இல்லை என்றும், பொறுமை குறைந்த வேறொரு குடும்பமாக இருந்தால் தம்மை வீட்டைவிட்டே துரத்தியிருக்கும் என்றும் அந்த அம்மாளே பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

அவர்தான் ஜூலியா மார்கரெட் கேமரூன். புகைப்படத்தை ஓவியத்துக்கு நிகரான கலையாக உயர்த்தியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர். கல்கத்தாவில் பிறந்து, இலங்கையின் மலைநாட்டில் மண்ணோடு மண்ணானவர்.

கிறிஸ்துமஸ் பரிசு

1815-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் ஜூலியா பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். தாயார் பிரெஞ்சு வம்சாவளியைச் சேர்ந்தவர். சகோதரிகள் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். ஜூலியாவை அழகி என்று யாரும் சொன்னதில்லை. பிற்காலத்தில் அழகைத் தேடி அவர் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிரான்ஸில் படித்துவிட்டு இந்தியா திரும்பியவர், 1836-ல் உடல் நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் சார்லஸ் ஹே கேமரூன். அவரையே 1838-ல் கல்கத்தாவில் மணந்துகொண்டார். இருபது வயது மூத்த மாப்பிள்ளை! மெக்காலேயுடன் இந்திய தண்டனைச் சட்டத்தை வகுத்த சட்டக் கமிஷனில் இருந்தவர். அதற்கு முன்பே இலங்கைக்குப் போய், நீதி நிர்வாகச் சீர்திருத்தங்களுக்கு வழி வகுத்தவர். இலங்கை வரலாற்றுப் புத்தகங்களில் கோல்புரூக்–கேமரூன் சீர்திருத்தம் என்று வருகிறதே, அந்தக் கேமரூன்தான்.

மற்றவர், தென்வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுக்க வந்திருந்த வானநூல் மேதை ஜான் ஹெர்ஷல். இவர் ரசாயனத்திலும் வல்லவர். ஹைப்போ என்று போட்டோக்காரர்கள் செல்லமாக அழைக்கும் உப்பு, வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டவர். ஜூலியாவுக்குப் புகைப்படம் என்ற புதுமையை முதன்முதலில் அறிமுகம் செய்தவரும் இவரே.

1848-ல் சார்லஸ் ஓய்வு பெற்றுக் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-ல் வைட் தீவில், பிரெஷ்வாட்டர் என்ற ஊரில், மகாகவி டென்னிஸனின் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். தங்கள் இலங்கைத் தோட்டத்தின் நினைவாக வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். 1863-ம் ஆண்டு டிசம்பரில், மகளும் மருமகனும் அம்மாவுக்கு ஒரு காமிராவைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார்கள். தனிமையில் பொழுதுபோகட்டும் என்பது அவர்கள் எண்ணம். அம்மாவுக்கு அப்போது வயது 48.

பொழுதுபோக்கா? வீடே தலைகீழாயிற்று. கோழிகளை வெளியே ஓட்டிவிட்டுக் கோழிக்கூண்டைக் கண்ணாடி வீடாக்கினார். படம் பிடிக்கும் இடம் அதுதான். பையன்களுக்கு முட்டை விற்று வந்த காசு அன்றோடு நின்றது. கரி போட்டு வைத்திருந்த கொட்டடி, இருட்டறையாயிற்று. முதல் படத்துக்கு உட்கார்ந்தவர் ஓர் உள்ளூர் விவசாயி. தகட்டில் உருவம் வந்த ஆனந்தத்தில் அம்மையார் அதன் மேல் கையைத் தேய்த்துவிட்டார். அவ்வளவுதான், படம் அழிந்தது!

1864 ஜனவரி மாத இறுதியில், ஆனி பில்பாட் என்ற சிறுமியின் படம் தேறியது. குழந்தைக்கு என்ன பரிசு கொடுப்பது என்று வீடு முழுக்க ஓடித் தேடினாராம். அன்றைய தினமே படத்தைத் தாளில் பதித்து, சட்டம் போட்டு, சிறுமியின் தகப்பனாரிடம் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

கொட்டடிக்குள் என்ன நடந்தது?

இந்தக் காலத்தில் கைப்பேசியை நீட்டினால் படம். அம்மையார் காலத்தில் ஒவ்வொரு படமும் ஒரு ரசாயன யாகம். ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851-ல் வெளியிட்ட ஈரத் தகட்டு முறையையே அவர் கைக்கொண்டார். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான், கேமரூன் அம்மையார் எதனோடு விளையாடினார் என்பது விளங்கும்.

பஞ்சை நைட்ரிக், கந்தகத் திராவகங்களில் ஊறவைத்தால் வெடிபஞ்சு கிடைக்கும். பெயரே குணத்தைச் சொல்கிறது. அதை ஈதரிலும் ஸ்பிரிட்டிலும் கரைத்தால் பாகுபோன்ற திரவம் வரும். இதற்குக் கொலோடியன் என்று பெயர். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்து, சுத்தமான கண்ணாடியின் மேல் ஊற்றி, நாலு மூலைக்கும் சமமாக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டறையில், வெள்ளி நைட்ரேட் கரைசலில் மூன்று நான்கு நிமிஷம் அமிழ்த்த வேண்டும். எடுத்த தகட்டை ஈரம் உலர்வதற்குள் காமிராவில் வைத்துப் படம் பிடித்து, உடனே ஓடிவந்து, இரும்பு உப்பும் புளிப்புக் காடியும் கலந்த நீரை ஊற்றி உருவத்தை வெளிப்படுத்த வேண்டும். கடைசியில், ஒளிபடாத வெள்ளியைக் கரைத்து நீக்க ஒரு மருந்து, கழுவல், அனலில் வாட்டி வார்னிஷ் பூச்சு. எல்லாம் ஒரே மூச்சில். அம்மையாரின் தகடுகளோ சாதாரண அளவல்ல. 1866-ல் வாங்கிய இரண்டாவது காமிராவுக்கு 15 அங்குலம் நீளமும் 12 அங்குலம் அகலமும் உள்ள தகடு தேவைப்பட்டது.

இதில் ஆபத்து எங்கே என்று கேட்டால், எங்கே இல்லை என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டும்!

ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, அறையின் மறுகோடியில் எரியும் விளக்கையோ அடுப்பையோ போய்த் தொடும். தீ திரும்பி ஓடிவந்து புட்டியைப் பிடிக்கும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அதை முகர்ந்துகொண்டே நின்றால், தீயே வேண்டாம், தலை சுற்றி விழுந்துவிடலாம். கடையில் வாங்கி நெடுநாள் வைத்திருந்த ஈதரில், தட்டினாலே வெடிக்கக்கூடிய பொருள் தானாகவே உண்டாகும் என்பதும் நினைவிருக்கட்டும். இன்று இந்தப் பழைய முறையை ஆசையோடு மீண்டும் கையாளுகிறவர்கள், கொலோடியன் ஊற்றும் இடத்தில் நெருப்பை அண்டவிடுவதில்லை. ஆவியை வெளியே இழுக்கும் விசிறியை வைத்துக்கொள்கிறார்கள். கொலோடியன் துடைத்த துணியைக் குப்பைக் கூடையில் குவித்து வைப்பதில்லை.

அம்மையாரின் விரல்களைக் கறுப்பாக்கியது வெள்ளி நைட்ரேட். தோலில் பட்டால் வெளிச்சத்தில் அது நுண்ணிய வெள்ளித் தூளாக மாறிக் கறுத்துவிடும். தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை, அதாவது ஒன்றிரண்டு வாரத்துக்கு, போகாது. பார்ப்பதற்கு விகாரமே தவிர, அந்தக் கறையால் பெரிய தீங்கில்லை. ஆனால் அதே துளி கண்ணில் தெறித்தால் கதை வேறு. விழியைச் சுட்டுப் பார்வையையே பறித்துவிடும். கனத்த தகட்டைக் கரைசலிலிருந்து தூக்கும்போது தெறிக்க அதிக நேரம் ஆகாது. ஆகவேதான் இன்று தகட்டில் கைவைப்பவர்கள் கையுறைக்கு முன்னால் கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் பட்டுவிட்டால், கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவியபின் வைத்தியரிடம் ஓடவேண்டும், கழுவாமல் ஓடக்கூடாது. வெள்ளி நைட்ரேட்டும் அமோனியாவும் கலந்த கரைசலைத் தேங்கவிட்டால் வெடிக்கும் பொருள் பிறக்கும் என்பது மற்றோர் எச்சரிக்கை.

இவ்வளவுக்கும் கேமரூன் அம்மையார் அஞ்சியதாகத் தெரியவில்லை. கறையோடு விருந்துக்குப் போனார். கறையோடு பிரபுக்களை வரவேற்றார். கறுத்த கை அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அவர் நடுங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

கறை படாத விஷம்

ஒளிபடாத வெள்ளியை நீக்க ஒரு மருந்து என்று மேலே சொன்னோம் அல்லவா? அதற்கு அந்நாளில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஹெர்ஷல் கண்ட ஹைப்போ. மற்றது பொட்டாசியம் சயனைடு. சயனைடு விரைவாக வேலை செய்யும், சீக்கிரம் கழுவிவிடலாம், படமும் பளிச்சென்று இருக்கும். ஆகையால் படக்காரர்கள் பலருக்கு அதன் மேல் மோகம். பார்த்தால் வெறும் உப்புக் கட்டி. கையில் கறை படாது, துணியில் தழும்பு விழாது. ஆனால் கால் கிராம் அளவே ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது.

அதைவிடக் கொடியது, அது காடியோடு சேர்ந்தால் நடப்பது. உருவம் வெளிப்படுத்தும் நீரில் காடி உண்டு. தகட்டைச் சரியாகக் கழுவாமல், அந்த நீர் வழிய வழியச் சயனைடுத் தட்டில் போட்டால், விஷ வாயு கிளம்பும். பாதாம் கொட்டையின் கசந்த வாடை வரும் என்பார்கள். அந்த வாடையை முகரும் சக்தியே பிறவியில் இல்லாதவர்கள் பலர் உண்டு. ஆகவே மூக்கை நம்பி இருக்க முடியாது. இரண்டு தட்டுகளும் ஒரே மேஜையில், ஓரடி தூரத்தில், மங்கலான வெளிச்சத்தில் இருந்த கொட்டடிகள் அக்காலத்தில் எத்தனையோ!

அந்நாளைய படக்காரர்கள் செய்த இன்னொரு விபரீதம், நினைத்தாலே பதறவைக்கிறது. வெள்ளிக் கறை போவதற்காகச் சயனைடுக் கட்டியைச் சோப்பைப்போல் கையில் தேய்த்துக் கழுவினார்கள்! கறை என்னவோ மாயமாய்ப் போயிற்று. விரலில் ஒரு சிறு கீறல் இருந்தால், அதன் வழியே விஷம் உள்ளே போகும். தீங்கற்ற கறையை நீக்கத் தீராத விஷத்தை எடுத்தார்கள். அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பது என்றால் இதுதான்.

கேமரூன் அம்மையாருக்கு இந்த விஷயத்தில் பேதமை இல்லை. படத்தொழிலிலேயே தம் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் கட்டம் சயனைடுதான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் கைகள் கடைசிவரை கறுத்திருந்ததை விருந்தினர் பலர் கேலியாகக் குறித்து வைத்தார்கள். கேலி செய்தவர்களுக்கு அந்தக் கறுப்பின் பொருள் விளங்கியிருக்குமா என்பது சந்தேகமே. குழந்தைகள் எந்நேரமும் ஓடியாடும் வீடு அது. அண்டை வீட்டுச் சிறுவர் சிறுமியரைப் பிடித்து, அன்னப் பறவையின் இறகைக் கட்டி, தேவதைகளாக நிறுத்துவார். அத்தகைய வீட்டில் உப்புக்கட்டிபோன்ற விஷத்தைக் கண்டு நடுங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ஹைப்போவுக்கு இப்படிப்பட்ட நஞ்சு இல்லை. அது மட்டுமல்ல, சயனைடு உண்டவர்களைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே ஏற்றும் மாற்று மருந்துகளில் ஒன்று, சுத்திகரித்த இதே ஹைப்போதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தகட்டில் துளி தங்கினாலும் நாளடைவில் படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே கழுவவேண்டும், கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து, இங்கிலாந்தின் குளிரில் கை விறைக்க விறைக்க ஒவ்வொரு தகட்டின் மேலும் ஊற்றவேண்டும்.

அப்படி ஊற்றியும் 1869-ல் பேரிடி விழுந்தது. அவருடைய அருமையான தகடுகளில் தேன்கூடு போன்ற வெடிப்புகள் கண்டன. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட தகடுகள் பாழாயின. கொலோடியனில் குற்றமா, வார்னிஷில் குற்றமா என்று தவித்தார். லண்டன் புகைப்படச் சங்கத்தாரிடமே கொண்டுபோய்க் காட்டி யோசனை கேட்டார். அழிந்தவை அழிந்தவைதான்.

ஹெர்ஷலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1842-ல் அவர் நீலப்படம் எடுக்கும் முறையையும் கண்டுபிடித்தார். இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்து பார்ப்பது அது. அதில் சேரும் பொட்டாசியம் பெரிசயனைடு என்ற செந்நிற உப்பின் பெயரைக் கேட்டுப் பலர் மிரளுகிறார்கள். சயனைடு அதில் இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் சாதாரணமாக விஷமாகாது. அதற்காகக் கடுந்திராவகத்தோடு கலந்து சூடேற்றிப் பார்க்கக்கூடாது. பிணைப்பு அறுந்தால் பழைய பகைவனே வெளிவருவான்.

மேதைகளின் முகங்கள்

விமர்சகர்கள் அம்மையாரைச் சும்மா விடவில்லை. படம் தெளிவாக இல்லை, தகட்டில் விரல் அடையாளம், கொலோடியன் ஓடிய கோடு, தூசி என்றெல்லாம் பழித்தார்கள். குறைகள் உண்மையே. ஆனால் அந்த மங்கலில்தான் முகத்தின் உயிர் இருக்கிறது என்பதைக் காலம் காட்டியது. 1865-லேயே லண்டன் சவுத் கென்ஸிங்டன் மியூஸியம் அவர் படங்களை வாங்கியது.

டென்னிஸன், கார்லைல், டார்வின் எல்லாரும் அவர் காமிராவின் முன் பல நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தார்கள். 1867-ல் ஹெர்ஷலின் வீட்டுக்கே காமிராவோடு போனார். கிழவரின் தலையைக் கழுவச் சொல்லி, வெள்ளை முடியை விரித்துப் பறக்கவிட்டு எடுத்தார் என்பார்கள். இருட்டிலிருந்து எழும் நிலவைப்போல் அந்த முகம் இன்றும் பார்ப்பவரை மலைக்கவைக்கிறது. ஹைப்போவைக் கண்டவரின் முகத்தையே தகட்டில் நிலைக்கவைத்த பெருமை வேறு யாருக்குக் கிடைக்கும்? வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் மாதாவாக மாறினாள். சகோதரியின் மகள் ஜூலியா ஜாக்ஸனைப் பலமுறை எடுத்தார். அவர்தான் பிற்கால நாவலாசிரியை வர்ஜீனியா வுல்பின் தாயார்.

களுத்துறையில் காமிரா

1875-ல் கேமரூன் குடும்பம் இலங்கைக்குக் கப்பலேறியது. காப்பிப் பயிரில் நோய் விழுந்து தோட்ட வருமானம் சரிந்திருந்தது. சார்லஸுக்கோ அந்தத் தீவின் மேல் தீராத ஆசை. திரும்பி வருவது நிச்சயமில்லை என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுபோனார்கள் என்றும், அவற்றுக்குள் பீங்கான் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள் என்றும் குடும்பக் கதை சொல்கிறது.

களுத்துறைக் கடற்கரை வீட்டிலும் காமிரா ஓயவில்லை. ஆனால் மருந்துகள் கிடைப்பது அரிதாயிற்று. நல்ல தண்ணீர் கிடைப்பதும் அரிதாயிற்று. 1877-ல் தாவர ஓவியர் மரியான் நார்த் அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். அம்மையார் விடுவாரா? காஷ்மீரச் சால்வைகளைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றுகள் தலையில் குத்த நிற்கவைத்தார். பிறகு ஈரப்பலா இலைகளைப் பின்னணியாக ஆணியடித்து எடுத்தார். அன்று வெப்பம் 96 டிகிரி பாரன்ஹீட் என்று நார்த் எழுதியிருக்கிறார். ஈதர் கொதிப்பது ஏறக்குறைய 94 டிகிரியில்! புட்டியைத் திறந்தாலே ஆவியாகப் பறந்திருக்கும். தகட்டில் ஊற்றினால் ஓடுவதற்குள் உலர்ந்திருக்கும். பன்னிரண்டு தகடுகள் வீணாயின.

விடாமல் எடுத்த படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் மதனகாமராஜாக்களோ மேதைகளோ இல்லை. களுத்துறைக் குடியானவர்கள், வீட்டு வேலையாட்கள், தோட்டத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அவர்களிற் பலர் தமிழர்களாக இருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஹெர்ஷலுக்கும் டார்வினுக்கும் பெயர் எழுதியவர், இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிவைக்கவில்லை.

1878-ல் ஒருமுறை இங்கிலாந்து போய் வந்தார். இலங்கை திரும்பிய சில மாதங்களில் நோய்வாய்ப்பட்டு, 1879-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, டிக்கோயா மலைப் பகுதியில் மகனின் தோட்டத்து வீட்டில் காலமானார். பொகவந்தலாவையில், செயின்ட் மேரி மாதா கோவில் மைதானத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, தகடு தகடாக வாங்கிப் பார்த்து மகிழ்ந்த சார்லஸும் அவர் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார்.